செஞ்சியில் ரெம்பிராண்ட்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு கூஜா ஜலமும் தலைக்கு ஒரு துண்டும் கொண்டு போவது வழக்கம். நாம் திண்டிவனத்தில் பஸ் ஏறியபோது நம்முடைய மூட்டைக்குள் இருந்தவை மூன்று கெஜம் கித்தான், இரண்டு சீசா ஆளி விதை எண்ணெய், ஒரு சீசா டர்ப்பன்டைன், ஒரு டஜன் தூரிகைகள், குழாய்களில் அடைத்த சில வர்ணங்கள் ஆகியவையே. கண்டக்டர் மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, “மண்ணெண்ணெயா, சார்?” என்று சந்தேகத்துடன் கேட்டார். சித்திரம் எழுதுகிற தைலம் என்று விளக்கினோம். அவருக்கு அதில் முழு நம்பிக்கை பிறந்ததாகத் தெரியவில்லை. ஆயினும், பெரிய மனது பண்ணி ஏற்றிக்கொண்டார்.

தைல வர்ணத்தில் மனித முகத்தை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நமக்குப் பல நாளைய ஆசை. பட்டணத்தில் அதற்கு வேளையும் இல்லை, இடமும் இல்லை. செஞ்சியில் ஒரு வீட்டு மாடி அறை இரண்டு மாதத்துக்குக் கிடைத்தது. வடக்கே ஒரு பெரிய ஜன்னல்; மேற்கே ஒரு சின்ன ஜன்னல். முகம் எழுதுகிறவர்களுக்கு வடக்கு ஜன்னல் ஒரு வரப்பிரசாதம். நாள் முழுவதும் வெயில் நேரே விழாமல், ஒளி ஒரே சீராக வரும். மேற்கு ஜன்னலின் வழியாக ராஜகிரி தெரிந்தது. சுமார் எண்ணூறு அடி உயரத்துக்குப் பாறைமேல் பாறையாக அடுக்கி, உச்சியில் கோட்டையைச் சூடிக்கொண்டு நிற்கும் அந்த மலையைப் பற்றி நேயர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றுடன் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த பிறகு, அதன் பெயர் மறுபடியும் எல்லோர் வாயிலும் அடிபட்டது.

செஞ்சியில் இறங்கிய அன்றே நம் கண்ணில் பட்டவர் தேசிங்கு ராஜன். ஒரு கடைச் சுவரில் குதிரைமேல் ஏறி, மீசையை முறுக்கிக்கொண்டு, வாளை ஓங்கியவண்ணம் இருந்தார். 1714-ஆம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபின் சேனையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட இளைஞர் அவர். கதைப் பாட்டும் கூத்தும் அவரை நமக்கு உயிரோடு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த மீசை? அந்தக் கண்? எந்தச் சித்திரக்காரராவது தேசிங்கை எதிரே உட்கார வைத்து எழுதிய படம் எதையும் நாம் பார்த்ததில்லை. கூத்துக்காரரின் வேஷத்தைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார். அவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதியிருப்பார். ஊரே அறிந்த பெயருக்கு முகம் இல்லாமல் போய்விட்டது.

இந்த விஷயம் நம் மனத்தில் ஊறிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்கார அம்மாள் மாடிக்கு வந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். தெருவில் எல்லோரும் அவரை “ஆயா” என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் படி ஏறி வந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டே, “ஏன் தம்பி, நீ ஆளைப் பார்த்துப் படம் எழுதுவியாமே?” என்று கேட்டார்.

“கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன், ஆயா!”

அவர் இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஆதார் அட்டை வெளிவந்தது.

“என்கிட்ட இருக்கிற படம் இது ஒண்ணுதான். நான் போன பிற்பாடு என் பேரன்க இதைத்தான் பெரிசு பண்ணி, மாலை போட்டு மாட்டுவான்க. திருடியைப் பிடிச்சு ஸ்டேஷன்ல நிறுத்தின மாதிரி இருக்கிறேன், பாரு!”

பார்த்தோம். அவர் சொன்னதில் மிகை சிறிதும் இல்லை.

கல்யாணங்களில் எடுத்த படங்கள் இருக்குமே என்று கேட்டோம். எல்லாவற்றிலும் தாம் யாருக்கோ பின்னால் நிற்பதாகச் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கிறவர்கள் எந்தக் காலத்தில் படத்தில் முன்னால் நின்றிருக்கிறார்கள்? பேரன்மார்களின் கைப்பேசியைப் பற்றியும் கேட்டோம். “அதுல என்னைப் பார்த்தா எனக்கே யாரோ மாதிரி இருக்குது” என்று கையை உதறிவிட்டார். ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டோம். அவர் போன பிறகு நமக்கு உண்டான பயத்தை எழுத்தில் சொல்ல முடியாது. விளையாட்டாகத் தொடங்க இருந்த காரியத்துக்கு எதிரே ஒரு மனுஷி வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியர் இல்லாமல் தைல வர்ணம் கற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, ரவி வர்மாவின் கதை நல்ல பதில். கிளிமானூரில் 1848-ஆம் வருஷம் பிறந்த அந்தப் பிள்ளையை, அவருடைய மாமன் 1862-ல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். அங்கே தைல வர்ணத்தின் சூட்சுமம் அறிந்தவர் ராமசாமி நாயக்கர் என்ற ஆஸ்தான சித்திரக்காரர். அவரோ வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான், தம் எஜமானருக்குத் தெரியாமல் இரவு வேளைகளில் வந்து, தமக்குத் தெரிந்ததைச் சிறுவனுக்குக் காட்டினார் என்று ரவி வர்மாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியச் சித்திரக்காரர் மகாராஜாவை எழுதுவதற்காக வந்தார். அவரும் கற்பிக்க இணங்கவில்லை. எழுதும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் சம்மதித்தார். ரவி வர்மா பார்த்தார். ஐந்து வருஷம் கழித்துச் சென்னைச் சித்திரக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. வாயால் சொல்ல மறுத்தவர்களிடமிருந்து கண்ணால் பறித்துக்கொண்ட வித்தை அது.

நமக்கு ஆறுமுகம் பிள்ளையும் கிடைக்கவில்லை; ஜென்சனும் கிடைக்கவில்லை. ஆனால் ரவி வர்மாவுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ரைக்ஸ் அருங்காட்சிசாலையார், தங்களிடம் உள்ள மகான்களின் சித்திரங்களை மிக நுட்பமாகப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி 2012 முதல் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ரெம்பிராண்டின் “இராக் காவல்” என்ற பெரிய சித்திரத்தை 2022-ல் 71,700 கோடி புள்ளிகள் கொண்ட படமாகவே வெளியிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு நுட்பம்! அசல் சித்திரத்துக்கு முன் நிற்பவர் காவற்காரருக்குப் பயந்து எட்டி நிற்க வேண்டும். செஞ்சி மாடியில் உட்கார்ந்திருப்பவரோ, வர்ணத்தில் விழுந்த வெடிப்புக்குள் மூக்கை நுழைத்துப் பார்க்கலாம்.

ஆகவே ரெம்பிராண்டையே குருவாக வரித்தோம். பிரதி செய்ய எடுத்துக்கொண்டது, 1661-ல் அவர் தம்மையே அப்போஸ்தலர் பவுலாகப் பாவித்து எழுதிய சித்திரம். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றி முண்டாசு கட்டியிருக்கிறார். கையில் சில ஏடுகள். போர்வையின் மடிப்புக்குள்ளிருந்து வாளின் பிடி ஒன்று எட்டிப் பார்க்கிறது. புருவத்தை உயர்த்தி, நெற்றியைச் சுருக்கி, “இதென்னப்பா கஷ்டகாலம்!” என்று கேட்பதுபோல் நம்மைப் பார்க்கிறார். கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்த பால்காரர், “எந்த ஊர் நாட்டாமை, சார்?” என்று விசாரித்தார்.

இந்த இடத்தில் சில நேயர்களுக்குக் கோபம் வரலாம். சித்தன்னவாசலும் அஜந்தாவும் இருக்கிற தேசத்தில் பிறந்துவிட்டு, டச்சுக்காரன் ஒருவனைப் பார்த்துப் பிரதி எழுதுவதா? சென்னைச் சித்திரப் பள்ளிக்கும் பிறகு கல்கத்தாச் சித்திரப் பள்ளிக்கும் தலைவராக இருந்த ஹாவெல் துரை இதே கேள்வியைத்தானே கேட்டார்? கேட்டது உண்மை. நம் பிள்ளைகள் தங்கள் தேசத்துக் கலையின் முகத்தையே அறியாமல், மேல்நாட்டு மாதிரிகளை மட்டும் பார்த்து எழுதிக் காலம் கழிப்பதைக் கண்டுதான் அவர் மனம் கசந்தார். அந்தக் கசப்பு நியாயமானது.

ஆனால் ரெம்பிராண்ட் விஷயத்தில் கணக்கை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். டச்சுக்காரர்கள் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் 1608-ல் காலூன்றியது யாருடைய அநுமதியின் பேரில்? செஞ்சி நாயக்க மன்னரின் அநுமதியின் பேரில்! அப்போது லைடன் நகரத்தில் ஒரு மாவு மில்காரர் வீட்டில் ரெம்பிராண்ட் இரண்டு வயதுக் குழந்தை. கம்பெனிக் கப்பல்கள் நம் நாட்டுத் துணியும் மிளகும் மட்டுமா கொண்டு போயின? முகலாயச் சித்திரங்களும் அந்த வழியில்தான் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏனெனில், சுமார் 1656-க்கும் 1661-க்கும் இடையில் ரெம்பிராண்ட் உட்கார்ந்து, ஷாஜஹானையும் ஜஹாங்கீரையும், மரத்தடியில் அமர்ந்திருக்கும் நான்கு பெரியவர்களையும், அந்தச் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து, ஆசியாவிலிருந்து வந்த காகிதத்தில் மைக்கோட்டால் பிரதி எழுதினார். அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. அந்த வயதில், அவ்வளவு கீர்த்திக்குப் பிறகு, பெயர் தெரியாத நம் நாட்டுச் சித்திரக்காரர்களுக்கு அவர் மாணாக்கராக இருந்தார். நாம் இரண்டு மாதம் அவருக்கு மாணாக்கராக இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

பார்த்து எழுதுவது அடிமைத்தனம் என்ற எண்ணமே நமக்குப் புதிது. மணலில் ஆசிரியர் எழுதிய “அ”வின் மேலேயே விரலை வைத்து எழுதித்தான் நம் பெரியவர்கள் எழுத்துக் கற்றார்கள். குரு பாடிய கீர்த்தனத்தைச் சங்கதி பிசகாமல் நூறு தடவை பாடிய பிறகே சிஷ்யனுக்குக் கற்பனை ஸ்வரம். ஐரோப்பாவிலும் பெரியவர்கள் இப்படியே செய்திருக்கிறார்கள். ரூபன்ஸ் என்ற மேதை, ஐம்பது வயதைத் தாண்டி, அரசர்களுக்கிடையே ராஜதூதராகப் போன சமயத்தில், மாட்ரிட் அரண்மனையில் டிஷியனின் சித்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதி எழுதினார். பாரிஸ் லூவர் மாளிகையில் பிரதி எழுதுகிறவர்களுக்கு இன்றும் அநுமதிச் சீட்டு உண்டு. பிரதி அசலின் அளவில் மட்டும் இருக்கக் கூடாது. ஏமாற்று வேலைக்கு இடம் கொடுக்கக் கூடாதல்லவா?

இனி நம் பிரதாபத்தைக் கேளுங்கள்.

முதல் நாள் கித்தானில் கட்டம் போட்டு, படத்திலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அளந்து, முகத்தைக் கோட்டால் எழுதினோம். கண்ணிமை, மூக்கின் நுனி, நெற்றிச் சுருக்கம் ஒன்றுவிடாமல் எழுதினோம். மறுநாள் கண்களிலிருந்து வர்ணம் தீட்டத் தொடங்கினோம். ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு கண்களும் தனித்தனியே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவை ஒரு மண்டையில் பொருந்திய கண்களாக இல்லை. பலகையில் ஒட்டிய இரண்டு சோழிகளாக இருந்தன. ஆயா மேலே வந்து பார்த்தார். “இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா?” என்று அநுதாபத்துடன் கேட்டுவிட்டுப் போனார்.

பிழை எங்கே என்பதை நமக்குக் காட்டியது ராஜகிரி. ஒரு நாள் பிற்பகல் கண்ணை இடுக்கிக்கொண்டு மேற்கே பார்த்தோம். வெயிலுக்குக் கூசி இடுக்கினோமே தவிர, யோசனை ஒன்றும் இல்லை. காலையில் பாறை பாறையாக எண்ணக்கூடியதாக இருந்த மலை, அப்போது சூரியன் பின்னால் போய்விட்டதால், ஒரே நிழற்பிழம்பாக இருந்தது. கோட்டையும் இல்லை, படியும் இல்லை. ஆனால் அது ராஜகிரி என்பதில் குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வராது. திரும்பி, அதே இடுக்கிய கண்ணால் ரெம்பிராண்டைப் பார்த்தோம். கண் மறைந்தது, மூக்கு மறைந்தது. மேலே வெளிச்சமாக ஒரு முண்டாசு, அதற்குக் கீழே பாதி வெளிச்சமும் பாதி நிழலுமாக ஒரு உருண்டை, அவ்வளவுதான் மிஞ்சிற்று. அப்போதும் அது அந்த மனிதரே! சாயல் என்பது கண்ணிலும் மூக்கிலும் இல்லை. வெளிச்சம் எங்கே நின்று இருட்டு எங்கே தொடங்குகிறதோ அந்த எல்லையில் இருக்கிறது. இதைப் புத்தகத்தில் பல முறை படித்திருக்கிறோம். படித்தது வேறு, கித்தானைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கியது வேறு.

இரண்டாவது தடவை முறைப்படி போனோம். கித்தானுக்கு முதலில் பழுப்பு மண் நிறத்தில் ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு, அம்பர் என்னும் பழுப்பு மண் வர்ணத்தை டர்ப்பன்டைனில் கரைத்து, தண்ணீர்போல் நெகிழ்த்தி, நிழல்களை மட்டும் பெரிய தூரிகையால் ஒற்றினோம். பிறகு வெளிச்சம் விழுகிற இடங்களில் வெள்ளை கலந்த வர்ணம். இருட்டுக்கு மெல்லிய பூச்சு, வெளிச்சத்துக்குத் தடித்த பூச்சு என்பது ரெம்பிராண்டின் பெரிய ரகசியங்களில் ஒன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முண்டாசில் வர்ணத்தை அரைச்ச சந்தனம்போல் அப்பியிருப்பது தெரிகிறது. நிழலிலோ அடிப்பூச்சே மேலே எட்டிப் பார்க்கிறது. அவர் கையாண்ட வர்ணங்களும் பெரும்பாலும் ஏழை வர்ணங்கள். மஞ்சட் காவி, செங்காவி, பழுப்பு மண், எலும்புக் கரி, காரீயத்திலிருந்து செய்த வெள்ளை. இந்தக் கடைசிச் சரக்கு விஷம். ஆகையால் நாம் டைட்டானியம் வெள்ளையை வைத்துக்கொண்டோம். காவியும் கரியும் செஞ்சிச் சந்தையில் கிடைக்காதா என்ன!

தைல வர்ணத்தில் ஒரு சட்டம் உண்டு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் ஜலத்தைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு தாமதமாக இறுகும். அதன்மேல் சீக்கிரம் இறுகும் பூச்சைப் போட்டால், கோடையில் குளத்து வண்டல் வெடிப்பதுபோல் வெடிக்கும். இந்தச் சட்டமும் நமக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும், போர்வையின் கறுப்பு பளபளக்கட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டு, அது காயும் முன் மேலே வேறு வர்ணத்தைத் தீட்டினோம். கறுப்போ இயல்பாகவே காயத் தாமதிக்கிற வர்ணம். பத்தாம் நாள் அப்போஸ்தலர் பவுலின் தோளில் சக்கரகுளம் வற்றிய காட்சி தோன்றிற்று. அந்தத் தோள் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அன்று மனம் சோர்ந்து, ஊருக்கு வடக்கேயுள்ள திருநாதர் குன்றுக்குப் போனோம். ஒரே பாறையின் முகத்தில், இரண்டு வரிசையாக, இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பாறையில் ஒரே திருமேனியைத் திரும்பத் திரும்ப இருபத்து நான்கு தடவை செதுக்கிய கைகளை நினைத்தோம். இரண்டாவது தடவையிலேயே அலுத்துக்கொண்ட நமக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேரே திரும்பி வந்து தூரிகையை எடுத்தோம்.

நெற்றி மட்டும் எட்டு நாள் பிடித்தது. மேனி நிறம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கலந்துகொண்டு பூசினால் முகம் வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். ரெம்பிராண்டின் நெற்றியில் அப்படி ஒரு நிறமே கிடையாது. வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை, அது திரும்பும் இடத்தில் சாம்பல், அதற்கு அப்பால் லேசாகப் பச்சை, நிழலில் செம்பழுப்பு. தனியே பார்த்தால் அழுக்கு; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சதை. சுருக்கங்களையும் அவர் கோடாகப் போடவில்லை. தடித்த வர்ணத்தில் தூரிகை போன பள்ளமே சுருக்கமாக நிற்கிறது. முகத்தின் நிழற்பக்கம் பின்னணி இருட்டோடு எங்கே கலக்கிறது என்று தேடினால் எல்லையே அகப்படுவதில்லை. நாமோ அந்த எல்லையைக் கெட்டியாகக் கோடு போட்டுப் பிடித்து வைத்திருந்தோம். அதை விரலால் தேய்த்து அழித்த மறுகணம், முகம் கித்தானிலிருந்து ஒரு அங்குலம் முன்னால் வந்தது. அந்த ஒரு கணத்துக்காகவே இந்த இரண்டு மாதத்தையும் செலவிடலாம்.

கோட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. ரெம்பிராண்ட் இளமையில் கழுத்துக் கவசம் அணிந்து எழுதிக்கொண்ட முகச் சித்திரம் ஒன்று, ஹேக் நகரத்தில் வெகு காலம் அசல் என்று கொண்டாடப்பட்டது. அதைப்போன்ற மற்றொன்று ஜெர்மனியில் நூரம்பர்க்கில், பிரதி என்ற பெயரோடு அடக்கமாக இருந்தது. 1990-களின் கடைசியில் அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்தபோது, ஹேக் சித்திரத்தில் வர்ணத்துக்கு அடியில் கவனமாகப் போட்ட கோடுகள் தெரிந்தன. ரெம்பிராண்ட் அப்படிக் கோடு போட்டுக்கொண்டு எழுதுகிறவர் அல்லர். இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறவருக்குத்தான் அந்தக் கோடு வேண்டும். நூரம்பர்க் சித்திரம் அசலாயிற்று; ஹேக் சித்திரம் அவருடைய பட்டறையில் செய்த பிரதியாயிற்று. வருஷத்துக்கு நூறு கில்டர் கட்டணம் கொடுத்து ரெம்பிராண்டிடம் கற்ற மாணாக்கர்களில் ஒருவர், இத்தனை காலம் பண்டிதர்களை ஏமாற்றியிருக்கிறார்! அந்தப் பெயர் தெரியாத பிள்ளையின்மேல் நமக்கு அளவற்ற பிரியம். அவரும் கண்ணிலிருந்துதான் தொடங்கியிருப்பாரோ, என்னவோ?

ஐந்தாவது வாரத்தின் முடிவில் பவுல் ஒருவாறு தேறினார். தோள் வெடித்தது, வாளின் பிடி அகப்பைக் காம்பு மாதிரி இருந்தது. முகம் மட்டும் முகமாக இருந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஆயாவை அழைத்து வடக்கு ஜன்னல் அருகே உட்கார வைத்தோம்.

கற்றதெல்லாம் கைவரும் என்ற தைரியத்தில், பவுலுக்குச் செய்தபடியே செய்தோம். அதே பழுப்புப் பூச்சு, அதே நிழல், அதே சாம்பல். மூன்று நாளில் ஆயாவின் சாயல்கூட வந்துவிட்டது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை! ஹாலந்து தேசத்து நிலவறையில் பல வருஷம் அடைத்து வைத்த ஒரு அம்மாளாக இருந்தார். வெள்ளை மேனிக்காக ஏற்பட்ட கலவையோடு கரியைச் சேர்த்துக் கறுப்பாக்கிவிட்டால் நம் மேனி நிறம் வந்துவிடும் என்று நினைத்தது நம்முடைய மூடத்தனம். கரி சேர்த்தால் சதை ஈயமாகிவிடுகிறது.

குருவின் பாடம் எந்த இடத்தில் முடிகிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஆயாவின் கன்னத்தில் வெளிச்சம் பட்ட இடத்தைப் பார்த்தோம். ரெம்பிராண்டுக்கு அங்கே மஞ்சள் இருந்தது. ஆயாவுக்கோ ஆகாயத்தின் நீலம் இருந்தது; வெண்கலப் பாத்திரத்தில் வானம் தெரிவதுபோல. நிழல் பக்கத்தில் இருட்டே இல்லை. சிமிட்டித் தரையில் பட்டுத் திரும்பிய வெயில், தாடைக்கு அடியில் செம்பொன்னாக ஏறியிருந்தது. இந்தத் தேசத்தின் வெளிச்சம் வேறு. அது நிழலுக்குள்ளும் புகுந்து உட்காருகிறது. ரவி வர்மாவுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்க வேண்டும். ஜென்சன் குழைத்த கலவையில் மலையாளத்துப் பெண்மணியின் மேனி எப்படி அகப்படும்? அதை அவர் தாமே தேடிக் கண்டுபிடித்தார். எழும்பூர் அருங்காட்சிசாலையில் இருக்கும் அவருடைய அசல் சித்திரங்களைப் பார்ப்பவர்கள், ஜரிகையையும் நகையையும் விட்டுவிட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கட்டும். அச்சுப் படங்களில் அது தெரியாது.

அந்தப் பழுப்புச் சித்திரத்தை மழித்துவிட்டு மூன்றாவது கித்தானைப் பூட்டினோம். இந்தத் தடவை கரிக் குழாயை மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். செங்காவியும் நீலமும் கலந்து நிழல். அதன்மேல் மஞ்சட் காவி. கன்னத்தின் மேட்டில் நீலம் தோய்ந்த வெள்ளை ஒரு துளி. நரைத்த மயிருக்கு மட்டும் குருவையே நம்பினோம். அவர் இளமையில் எழுதிய ஒரு முகத்தில், ஈர வர்ணத்தைத் தூரிகையின் காம்பால் கீறிச் சுருட்டை மயிர் காட்டியிருக்கிறார். நாமும் கீறினோம். வந்தது.

எட்டு நாள் ஆயா உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷன் முகத்தையே வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், பேச்சுவாக்கில் தம் கல்யாணத்துக்கு மாட்டு வண்டியில் வந்த கதையைச் சொன்னார். மேல்மலையனூர் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் அச்சு முறிந்து, மாப்பிள்ளையே வண்டியைத் தோளில் தாங்கிப் பிடித்தாராம். அதைச் சொல்லும்போது வலப் புருவம் மட்டும் சற்று ஏறிற்று. பவுலின் புருவமும் அப்படித்தான் ஏறி நிற்கும். அந்த வளைவை ஐந்து வாரமாக எழுதிப் பழகிய கை, நம்மைக் கேட்காமலே எழுதிவிட்டது.

கடைசி நாள் படத்தை அவர் பக்கம் திருப்பினோம். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கிட்டே போனார்; தள்ளி நின்றார்; முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“காது சரியில்லை” என்றார்.

“ஆமாம், ஆயா.”

“இது நான் இல்லை, தம்பி. எங்க அம்மா. நான் இவ்வளவு தூரம் எங்க அம்மா மாதிரி ஆயிட்டேன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலை.”

அம்மாவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அன்று மாலையே படத்தைக் கீழே கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்று பேரன்மார்கள் ஆணியும் சுத்தியலுமாக வந்து நின்றார்கள். தைல வர்ணம் தொட்டுப் பார்க்கக் காய்ந்தாலும் உள்ளே காயவில்லை, குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் வார்னிஷ் பூச வேண்டும், அதுவரையில் தூசியும் அடுப்புப் புகையும் படாமல் வைத்திருக்க வேண்டும் என்று விவரித்தோம். ஆயா விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

“தை மாசம் வருது. அதுவரைக்கும் நான் இருந்தாகணும்னு சொல்றே!”

“வார்னிஷ் பூச நானே வருகிறேன், ஆயா.”

“வரும்போது அந்த முண்டாசுக்காரரை இங்கேயே விட்டுட்டுப் போ. மாடி அறையில் துணைக்கு இருக்கட்டும். அவர் தோளுக்கு ஏதாவது மருந்து போடு.”

பவுல் இப்போது செஞ்சியில்தான் இருக்கிறார். ஆயாவின் படம் பீரோவுக்குப் பின்னால், பழைய வேட்டி ஒன்றால் போர்த்தி, சுவரில் சாய்ந்திருக்கிறது. தைப் பொங்கலுக்கு மறுவாரம் திண்டிவனம் பஸ்ஸில் ஒரு சீசா வார்னிஷுடன் ஏறப்போகிறோம். கண்டக்டர் மோந்து பார்க்காமல் இருக்க வேண்டும்.